நல்லுசாமி வீட்டுக் கடைமடை

நல்லுசாமி தன் வாழ்நாளில் முப்பத்தெட்டு வருடங்களைத் தண்ணீரை இரும்புக் குழாய்க்குள் அடைத்து, அது எங்காவது கசிகிறதா என்று பார்ப்பதிலேயே கழித்தவர். திருவெறும்பூர்ப் பக்கம் பாய்லர் பாகங்கள் செய்யும் பெரிய தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு ஹைட்ரோ டெஸ்ட் பிரிவு. செய்து முடித்த குழாயில் தண்ணீரை நிரப்பி, பம்பை அடித்து, அது வேலையில் தாங்க வேண்டிய அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிவிட்டுக் கடிகாரத்தோடு அரைமணி நேரம் நிற்க வேண்டும். கேஜில் முள் அசையாமல் இருந்தால் பாஸ். அவர் பாஸ் போட்ட குழாய்கள் எந்தெந்த மாநிலத்திலோ மின்சாரம் தயாரித்துக்கொண்டிருந்தன.

அப்படிப்பட்டவர் வீட்டு மாடிக் குளியலறையில் ஷவரைத் திறந்தால் சளி பிடித்த குழந்தையின் மூக்கைப் போல ஒழுகும்.

இந்த உண்மை அவருக்கு வீடு கட்டிப் பதினாறு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ஏனென்றால் அவர் அந்தக் குளியலறையில் ஒருநாள்கூடக் குளித்ததில்லை. காலை ஐந்தரைக்குப் போர்வெல் மோட்டாரைப் போட்டு, தொட்டிக்கு ஏறும் குழாயில் கொல்லைப்புறமாக ஒரு கிளை விட்டு, அதன் அடியில் உட்கார்ந்துகொள்வார். தலையில் விழும் வேகத்தில் நரைமயிர் நாலு திசைக்கும் பிரியும். கொல்லைச் சுவர் இடுப்பளவுதான். ஆண்பிள்ளை, யார் பார்த்தால் என்ன? மாடியில் குளித்துக்கொண்டிருந்தவள் அவருடைய மனைவி பேட்ரிசியா. வாளியில் தண்ணீர் நிரம்பக் கால்மணி நேரம் ஆகும். நிரம்பும்வரை பரீட்சைத்தாள் திருத்துவாள். கணக்கு டீச்சர்.

சித்திரை மாதத்தில் மார்க்கெட் வாசலில் ஒரு பைக்காரன் இடித்து, பேட்ரிசியாவின் வலது தோள் எலும்பு முறிந்தது. தகடு வைத்துத் தைத்தார்கள். மூன்று மாதத்துக்குக் கையை மார்புக்கு மேல் தூக்கக் கூடாது. கப்பில் மொண்டு தலையில் ஊற்ற முடியாது. ஷவருக்கு அடியில் போய் நின்றால் போதும் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்த மறுநாள் பேட்ரிசியா போய் நின்றாள். இருபது நிமிடம் கழித்து, முதுகு நனையாமல் வெளியே வந்தாள்.

"ஒரு ஆளை வெச்சுக் குளிப்பாட்டிவிடச் சொல்லட்டுமா?" என்றார் நல்லுசாமி.

"அறுபத்திரண்டு வயசுல என்னை இன்னொருத்தர் குளிப்பாட்டறதா? அதுக்கு ஒரு நாள் வரும். அப்ப நான் பார்க்கமாட்டேன்" என்றாள் பேட்ரிசியா. மாற்றுத்துணியை ஒரு கையாலேயே பையில் போட்டாள். "கே.கே. நகர் போறேன். ரோசரி வீட்டுல ஷவர் அருவி மாதிரி கொட்டுது. இங்க என் தலையில எப்ப தண்ணி விழுதோ, அப்ப போன் பண்ணுங்க. வரேன்."

அவளுடைய தங்கை ரோசரி வந்து ஆட்டோவில் அழைத்துப் போனாள். போகும்போது, "மச்சான், நீங்க பாய்லருக்கே தண்ணி ஏத்துனவர் ஆச்சே" என்று ஒரு வார்த்தை விட்டுப் போனாள். அந்த வார்த்தை நல்லுசாமியைத் தூங்கவிடவில்லை.

இனி, தொட்டியின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

நல்லுசாமி உறையூரில் பிறந்தவர். ஐ.டி.ஐ. படித்து அப்ரண்டிஸாகச் சேர்ந்த வயதில் கையில் கிடைத்த பகுத்தறிவுப் புத்தகங்களை எல்லாம் படித்தார். தாலி இல்லாமல், புரோகிதர் இல்லாமல், பாதிரியார் இல்லாமல் பேட்ரிசியாவைக் கட்டிக்கொண்டார். வீடு கட்ட மனை பார்த்தபோது வேண்டுமென்றே ஸ்ரீரங்கத்தில் வாங்கினார். "கொசு எங்க இருக்கோ அங்கதான் மருந்து அடிக்கணும்" என்று கூட்டங்களில் சொன்னார். அந்தத் தெருவில் இன்றுவரை ஒரு கொசுவும் சாகவில்லை என்பது வேறு விஷயம்.

வீடு கட்டும்போது மேஸ்திரி கேட்டார்: "டேங்க்கை கன்னி மூலையில வெச்சுடலாங்களா? மேல கனம் அங்கதான் இருக்கணும்னு வாஸ்துல சொல்லுது." கன்னி மூலை என்பது தென்மேற்கு. நல்லுசாமிக்கு வந்ததே கோபம். செங்கல் அடுக்கின் மேல் ஏறி நின்று முக்கால் மணி நேரம் பேசினார். சித்தாள்கள் கலவையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். முடிவில், எந்த மூலையில் கனம் வைத்தால் குடும்பம் நாசமாகும் என்று வாஸ்து சொல்கிறதோ அந்த ஈசானிய மூலையில், வடகிழக்கில், ஆயிரம் லிட்டர் கறுப்புத் தொட்டியைத் தூக்கி வைக்கச் சொன்னார்.

அன்றுமுதல் அது தொட்டியாக இல்லை, சாட்சியாக இருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் மொட்டைமாடிக்குக் கூட்டிப் போவார். "ஈசானிய மூலைல டேங்க். பதினாறு வருஷம். யாருக்கும் ஒண்ணும் ஆகல" என்பார். மேலே ஏறி வந்தவர்கள் மூச்சு வாங்கியபடி தலையாட்டுவார்கள்.

குளியலறை தென்மேற்கில் இருந்தது. தொட்டி வடகிழக்கில் இருந்தது. நடுவில் அறுபது அடிக் குழாய், ஹால் சுவருக்குள் புகுந்து, புத்தக அறை வழியாகத் திரும்பி, பதினோரு எல்போவில் வளைந்து வளைந்து போனது. ஒவ்வொரு வளைவிலும் தண்ணீர் கொஞ்சம் வேகம் இழக்கும் என்பதை அவர் பயிற்சிக்கு வந்த இருநூறு பேருக்கு வரைபடம் போட்டு விளக்கியிருக்கிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் தெருவின் கடைசியில், கட்டட வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் போகிறவர்கள் குடியிருக்கும் பன்னிரண்டு சின்ன வீடுகள் உண்டு. முன்னால் இருக்கும் பெரிய வீட்டுக்காரர்கள் மாநகராட்சிக் குழாயிலேயே நேராக மோட்டார் போட்டு உறிஞ்சியதால், அங்கே குடம் நிறைய ஒரு மணி நேரம் ஆகும். நல்லுசாமி பத்தொன்பது மனு எழுதினார். "ரெண்டு பக்கமும் ஆறு ஓடற தீவுல கடைமடைக்குத் தண்ணி இல்லைன்னா அது இயற்கையோட குத்தமில்ல, திருட்டு" என்று அலுவலகத்தில் மேசையைத் தட்டினார். ஒருநாள் அதிகாரிகள் வந்து ஏழு மோட்டார்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள். கடைசி வீடுகளில் குடம் நிறைந்தது. அது அவர் வாழ்க்கையின் பெரிய வெற்றி. கழற்றப்பட்ட ஏழில் ஒன்று பக்கத்து வீட்டு பீமராவுடையது. பீமராவ் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். அவர் வீட்டுத் தொட்டி கன்னி மூலையில் இருந்தது. மோட்டார் போனதை அவர் மறக்கவும் இல்லை, நல்லுசாமியை மறக்கவிடவும் இல்லை.

தெருக் கோடிவரை தண்ணீர் போகிறதா என்று பார்த்தவர் மாடிப்படி ஏறிப் பார்க்கவில்லை.

பேட்ரிசியா போன மறுநாள் காலை நல்லுசாமி முதல்முறையாக மாடிக் குளியலறையில் குளிக்கப் போனார். சோப்பு போட்டார். அதைக் கழுவ இருபத்தைந்து நிமிடம் ஆனது. காதுக்குள் நுரை மிச்சம் இருந்தது. அந்தக் காதோடுதான் பாலக்கரை கலீமுக்குப் போன் போட்டார்.

கலீம் குவைத்தில் பன்னிரண்டு வருடம் உயரமான கட்டடங்களுக்குக் குழாய் போட்டவன். வந்தான், ஷவரைத் திறந்து பார்த்தான், மாடிக்குப் போனான், தொட்டியைப் பார்த்தான். குழாய் போகும் வழியை விரலால் காற்றில் வரைந்தபடி நடந்தான். புத்தக அறையில் நின்றுவிட்டான்.

"சார், இந்த பைப் எதுக்கு லைப்ரரிக்கு வந்துட்டுப் போவுது? படிக்கவா?"

"அது அப்படி அமைஞ்சு போச்சு."

"ஒண்ணும் பெரிய வேலை இல்ல சார். டேங்க்கைத் தூக்கி பாத்ரூமுக்கு நேர் மேல, ஆறடி ஸ்டாண்டு போட்டு வெச்சுருவோம். கீழ ஒரு சின்ன பிரஷர் பம்ப். மூணு எல்போ. ஷவரைத் தொறந்தா பம்ப் தானா ஓடும், மூடினா தானா நிக்கும். பக்கத்துலயே ஒரு வால்வு வெச்சு பைபாஸ் குடுத்துருவேன், கரண்டு போனாலும் டேங்க் இருக்கற உயரத்தாலயே தண்ணி வந்துக்கிட்டு இருக்கும். சாயங்காலத்துக்குள்ள அம்மா குளிக்கலாம்."

"பாத்ரூமுக்கு நேர் மேலன்னா, அது எந்த மூலை?"

கலீம் சூரியனைப் பார்த்தான். "தென்மேற்கு."

"முடியாது."

"ஏன் சார், கான்கிரீட் தாங்காதா?"

"கான்கிரீட் தாங்கும். நான் தாங்கமாட்டேன். அது வாஸ்து சொல்ற மூலை."

"உங்களுக்குத்தான் வாஸ்து கிடையாதே சார்."

"கிடையாது."

"இல்லாததுக்கா பயப்படறீங்க?"

நல்லுசாமி அரைமணி நேரம் விளக்கினார். கொள்கை, பொதுவாழ்க்கை, ஊர் என்ன பேசும், பீமராவ் என்ன பேசுவார். கலீம் பொறுமையாகக் கேட்டான். அவனுக்குக் கூலி நாள் கணக்கில். கடைசியில், தொட்டி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், அதன் பக்கத்தில் பெரிய பம்பாக ஒன்றை வைத்து, பதினோரு எல்போ வழியாகவும் தண்ணீரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவது என்று முடிவானது. பம்ப் வந்தது. கலீம் பொருத்தினான். சுவிட்சில் கை வைக்கப் போனபோது நல்லுசாமி தடுத்தார்.

"டெஸ்ட் பண்ணாம எப்படிப் போடுவீங்க?"

"போட்டுப் பார்க்கறதுதான் சார் டெஸ்ட்."

"அது அஜாக்கிரதை."

வீட்டுக் குழாய்க்கு ஹைட்ரோ டெஸ்ட் செய்ய வேண்டும் என்று இந்த மாவட்டத்தில் வேறு யாருக்கும் தோன்றியிருக்காது. நல்லுசாமி பஸ் பிடித்துத் திருவெறும்பூர் போய், பழைய சகா தர்மராஜின் பட்டறையிலிருந்து கையால் அடிக்கும் டெஸ்ட் பம்பையும் கேஜையும் தூக்கிக்கொண்டு வந்தார். தொட்டி வால்வை மூடினார். ஷவரைக் கழற்றி அந்த இடத்தில் டெஸ்ட் பம்பையும் கேஜையும் மாட்டினார். புது பம்ப் நாலு கிலோ அழுத்தம் தரும். ஒன்றரை மடங்கு என்றால் ஆறு. பனியன் நனைய நனைய அடித்து ஆறுக்கு ஏற்றினார். கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த நிமிடங்களில் அவர் முகத்தில் ஓய்வுபெற்ற பிறகு காணாமல் போன ஒரு மிடுக்கு திரும்பி வந்திருந்தது. கலீம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பீடா மென்றான்.

இருபத்திரண்டாவது நிமிடம் சுவருக்குள் எங்கோ 'டொப்' என்றது. முள் பூஜ்யத்துக்கு விழுந்தது.

"எங்க போச்சு?" என்றார் நல்லுசாமி.

"தெரியல சார்."

"தொட்டி வால்வைத் தொறங்க. எங்க ஈரம் தெரியுதோ அங்கதான் உடைஞ்சிருக்கு. தொழிற்சாலையில அப்படித்தான் கண்டுபிடிப்போம்."

கலீம் திறந்தான். இருவரும் குளியலறைச் சுவரைத் தடவினார்கள், காய்ந்திருந்தது. சமையலறையைப் பார்த்தார்கள், கொல்லையைப் பார்த்தார்கள், தெருவுக்கே போய் வெளிச்சுவரை அண்ணாந்து பார்த்தார்கள். எங்கும் சொட்டு ஈரமில்லை. "அருமையான வீடு சார், தண்ணியைக் குடிச்சுட்டு ஏப்பம்கூட விடல" என்றான் கலீம். நல்லுசாமிக்குப் புத்தக அறை ஞாபகம் வந்தபோது அரைத் தொட்டித் தண்ணீர் போயிருந்தது.

சுவரை ஒட்டி நின்ற அலமாரியின் பின்னாலிருந்து தண்ணீர் அமைதியாக, எந்த மூடநம்பிக்கையும் இல்லாமல், தட்டுத்தட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. மேல்தட்டில் நாத்திகம், நடுத்தட்டில் சாதி ஒழிப்பு, கீழ்த்தட்டில் பெண் விடுதலை. மேல்தட்டு ஓரங்களில் மட்டும் நனைந்திருந்தது. நடுத்தட்டு பாதி. பெண் விடுதலை முழுக்க முழுக்க ஊறிப்போயிருந்தது.

கலீம் வாசற்படியில் நின்று மெதுவாகக் கேட்டான். "சார், இது பாஸா, பெயிலா?"

"டெஸ்ட் பாஸ்" என்றார் நல்லுசாமி. "வீடுதான் பெயில்."

மறுநாள் காலை மொட்டைமாடி முழுவதும் புத்தகங்கள் வடாம் போலக் காய்ந்தன. நல்லுசாமி குனிந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து மாடியில் துளசிக்குத் தண்ணீர் ஊற்ற வந்த பீமராவ் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"என்ன நல்லுசாமி சார், புக்ஸுக்கெல்லாம் ஸ்நானம் ஆச்சா?"

"குழாய் உடைஞ்சு போச்சு."

"அடடா. மிஸஸ் வேற அடிபட்டு இருக்காங்க." பீமராவ் நிதானமாக வடகிழக்கு மூலையைப் பார்த்தார். "நான் ஒண்ணும் சொல்லல. நீங்க நம்பமாட்டீங்க. பதினாறு வருஷம் பொறுத்துப் பார்த்திருக்கு, அவ்வளவுதான்."

"பைக்காரன் குடிச்சிருந்தான் சார். அவனை ஈசானிய மூலையா ஊத்திக் குடிக்கச் சொல்லிச்சு?"

"நான்தான் ஒண்ணும் சொல்லலையே" என்றார் பீமராவ், மிகுந்த மகிழ்ச்சியோடு.

நல்லுசாமி கீழே வந்தார். ஆற்றாமையில் பேட்ரிசியாவுக்குப் போன் போட்டு, டெஸ்ட், எல்போ, அலமாரி, பீமராவ் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார்.

"என்னங்க, ஒண்ணு கேக்கட்டுமா? வீடு கட்டறப்ப மேஸ்திரி கன்னி மூலைன்னாரு. நீங்க செங்கல் மேல ஏறிப் பேசினீங்க. அப்ப நான் கீழ நின்னு ஒண்ணு சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

"என்ன சொன்ன?"

"டேங்க் பாத்ரூமுக்கு மேல இருக்கட்டும், பைப் நீளம் குறையும்னு சொன்னேன். நீங்க என்ன பண்ணினீங்க தெரியுமா? 'பாத்தீங்களா, படிச்ச பொண்ணையே இந்த வாஸ்து எப்படிப் புடிச்சு ஆட்டுது'ன்னு என்னையே உதாரணமாக் காட்டி, மேல ஒரு கால்மணி நேரம் பேசினீங்க. சித்தாளுங்க எல்லாம் என்னைப் பாவமாப் பார்த்தாங்க."

நல்லுசாமிக்கு அந்த உரை நன்றாகவே நினைவில் இருந்தது. நல்ல உரை. அதில் அந்த உதாரணம் யாரைப் பற்றியது என்பது மட்டும்தான் மறந்திருந்தது.

"நேத்தி குளிச்சியா?" என்று கேட்டார்.

"குளிச்சேன். தங்கச்சி வீட்டுல, அவ புருஷன் ஆபீசுக்குப் போற நேரம் பார்த்து, யாரும் கதவைத் தட்டறதுக்குள்ள அவசர அவசரமா. என் வீட்டுல நின்னு நிதானமாக் குளிக்கணும்ங்க. அவ்வளவுதான் நான் கேட்டது."

போனை வைத்துவிட்டு அவர் ஊறிப்போன புத்தகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பத்தொன்பது மனு எழுதியிருக்கிறார். கடைமடை, கடைமடை என்று மேசையைத் தட்டியிருக்கிறார். மோட்டார் வைத்து உறிஞ்சியவன் தலையில் தண்ணீர் கொட்டிக்கொண்டதும், பின்னால் இருந்தவள் வாளி நிரம்பக் காத்திருந்ததும் இந்த வீட்டுக்குள்ளேயே நடந்திருக்கிறது. மனு கொடுக்க அவளுக்கு அலுவலகம் இல்லை. கொடுத்த ஒரே மனுவையும் அவர் செங்கல் மேல் நின்று கைதட்டலோடு தள்ளுபடி செய்திருக்கிறார்.

மத்தியானம் கலீம் உடைந்த எல்போவோடு வந்து நின்றான். "சார், இதை மட்டும் மாத்தினாப் போதுமா? இல்ல மத்த பத்தையும் மாத்தணுமா?"

"தொட்டியைத் தூக்குங்க கலீம்."

"எங்க?"

"நீங்க சொன்ன இடத்துக்கு."

கலீம் சிரிக்கவில்லை. அதற்காகவே நல்லுசாமிக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு அவன் சொன்னான்: "தப்பா எடுத்துக்காதீங்க சார். பக்கத்து வீட்டு ஐயா வாஸ்துக்காக ஒரு மூலைல வெச்சிருக்காரு. நீங்க வாஸ்துக்காகவே இன்னொரு மூலைல வெச்சிருக்கீங்க. ரெண்டு வீட்டுலயும் குழாயை யாரும் கேக்கல."

பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியதற்குப் பிறகு நல்லுசாமியை இவ்வளவு சரியாக யாரும் அடித்ததில்லை.

இரண்டு நாள் ஆனது. இரும்பு ஸ்டாண்டு வந்தது. நாலு பேர் தொட்டியைக் கயிறு கட்டி மொட்டைமாடியின் குறுக்கே நகர்த்தினார்கள். பீமராவ் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். மாலைக்குள் தெருவுக்கே சேதி போய்விட்டது: நல்லுசாமி கன்னி மூலைக்கு வந்துவிட்டார். பால்காரர் வாழ்த்தினார். அரங்கனின் கிருபை என்றார் பூக்காரம்மா. பகுத்தறிவுக் கூட்டத் தோழர் ஒருவர் போன் செய்து, உடம்புக்கு ஏதாவது சரியில்லையா என்று துக்கக் குரலில் விசாரித்தார்.

நல்லுசாமி ஒரு தகரப் பலகையில் வெள்ளை பெயின்ட் அடித்து, அதன் மேல் கறுப்பில் எழுதித் தொட்டியில் கட்டினார்: 'இத்தொட்டி இங்கிருப்பது குழாய் நீளத்தைக் குறைப்பதற்காக. வாஸ்துவுக்காக அல்ல.'

தரையிலிருந்து அதை யாராலும் படிக்க முடியாது. படிக்கக்கூடிய ஒரே மாடி பீமராவுடையது.

பிறகு போன் செய்தார். பேட்ரிசியா வந்தாள். கூடவே, பார்த்துவிட்டுப் போகலாம் என்று ரோசரியும். பேட்ரிசியா நேராக மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நல்லுசாமி கதவுக்கு வெளியே நின்று, பழக்கதோஷத்தில் கடிகாரத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். உள்ளே ஒரு 'க்ளிக்'. மேலே பம்ப் முனகியது. பிறகு தண்ணீர் தரையில் அறையும் சத்தம். நல்ல மழைபோல, இடைவிடாமல். ஒருமுறை கரண்டு போனது. பம்ப் நின்றது. சத்தம் கொஞ்சம் தணிந்ததே தவிர நிற்கவில்லை. கலீமின் பைபாஸ். கரண்டு வந்தது. மறுபடி மழை.

முப்பத்தோரு நிமிடம். அவர் கணக்கில் பாஸ்.

கதவு திறந்தது. ஈரத்தலையோடு பேட்ரிசியா நின்றாள். இடது கையால் துண்டைத் தலையில் சுற்ற முயன்று, முடியாமல் அவரிடம் நீட்டினாள். அவர் சுற்றிவிட்டார். பாய்லர் குழாய்க்குச் சாக்கு சுற்றியதைப் போல இருந்தது.

"எத்தனை எல்போ?" என்று கேட்டாள்.

"மூணு."

"முன்ன?"

"பதினொண்ணு."

"ஆறாங்கிளாஸ் பையன்கிட்ட கேட்டிருந்தா எது கம்மின்னு சொல்லியிருப்பான்." படியில் ஒரு அடி வைத்தவள் நின்றாள். "மாடியில ஏதோ போர்டு வெச்சிருக்கீங்களாமே. ரோசரி பார்த்துட்டு வந்து சிரிக்கிறா. எழுதறதுன்னு ஆயிடுச்சுல்ல, முழுசா எழுதுங்க. யாரு சொன்ன இடம்னு."

நல்லுசாமி பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு மேலே போனார். இருந்த இரண்டு வரிக்குக் கீழே இடம் குறைவாகத்தான் இருந்தது. எழுத்தை நெருக்கி எழுதினார்: 'இடம் தேர்வு: திருமதி பேட்ரிசியா, கணித ஆசிரியை. பதினாறு வருடங்களுக்கு முன்பே.'

பக்கத்து மாடியில் பீமராவ் மூக்குக் கண்ணாடியை ஏற்றி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு மரியாதையோடு கேட்டார்.

"மேடம் வாஸ்து படிச்சிருக்காங்களா?"

நல்லுசாமி பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்தபடி வாயைத் திறந்தார். முக்கால் மணி நேரத்துக்கான உரை ஒன்று தொண்டைவரை ஏறி வந்தது. நிற்க வசதியாகப் பக்கத்தில் நாலு செங்கல்கூடக் கிடந்தது. அந்த நேரம் பார்த்துக் காலடியில் பம்ப் மறுபடி முனகிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. யார் இப்போது என்று அவர் படிக்கட்டில் எட்டிப் பார்த்தார்.

பேட்ரிசியா கீழே நாற்காலியில் தலையை உலர்த்திக்கொண்டிருந்தாள். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. கே.கே. நகர்க்காரி ரோசரி, இவ்வளவு தூரம் வந்தது வந்தோம், குளித்துவிட்டே போகிறேன் என்று உள்ளே போயிருந்தாள்.